நீலம் வந்த வெள்ளிக்கிழமை

ராத்தாவின் அறையில் ஏதோ மணக்கிறது என்று முதலில் வாய்திறந்து சொன்னவர் மச்சான்தான். ராத்தா என் அக்கா; மச்சான் என்றால் அவளுடைய மாப்பிள்ளை. எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாதவர் என்பதால் குறை சொல்வதற்கு முன் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அன்றும் கனைத்துவிட்டுத்தான் சொன்னார்.

"மாமா, அறைத் தரைக்குள்ள எங்கயோ தண்ணி நிக்கிது போல. ஈரமும் ஒரு மாதிரி வாடையுமா இரிக்கி."

வாப்பா அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை, பழியாக எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரான நிந்தவூரில் மட்டுமல்ல, எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலுமே கலியாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. வீடுதான் அவள் பெயருக்குப் போகும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். வாப்பாவும் அப்படி உம்மாவின் வளவுக்கு வந்து சேர்ந்தவர்தான். பல போகத்து வேளாண்மையைக் கல்லாகவும் சீமெந்தாகவும் மாற்றிக் கட்டிய வீட்டை ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அவரும் உம்மாவும் நானும் பின்பக்கத்து அடுக்களையில் குடியிருந்தோம். தான் கட்டிய வீட்டுக்குள் போகும்போது வாப்பாவும் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் கனைப்புக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

மணம் இருந்தது உண்மைதான். அறையின் மூலையில் போட்டிருந்த முதிரை மரக் கட்டிலுக்குக் கீழே தொடங்கி, நடு அறை வரைக்கும் சீமெந்துத் தரை கறுத்துப்போயிருந்தது. வெறுங்காலோடு நின்றால் குளிரும். உம்மா பொழுதுபட, மஃரிபுக்கு மஃரிபு சாம்பிராணி போடுவார். புகை இருக்கும்வரை மணம் அடங்கிக் கிடக்கும்; புகை போனதும் திரும்ப எழும்பிவிடும்.

வீட்டுக்கு வந்த ஆண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மூக்கு இருந்தது, ஒவ்வொரு மூக்குக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது. செத்த எலி என்றார் ஒருவர். கடற்கரை மண்ணில் வீடு கட்டினால் ஈரம் வராமல் வேறென்ன வரும் என்றார் மேசன். அடியில் புதையல் இருக்கலாம் என்றும் ஒருவர் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துப் போனார். புதையல் நாறுமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. வாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கிழக்குப் பக்கத்து வேலியைப் பார்த்தார்.

வேலிக்கு அப்பால் பெரியும்மாவின் வீடு. உம்மாவின் சொந்த ராத்தா. ஒரே வளவை இரண்டாக்கி இரண்டு பெண்மக்களுக்கும் கொடுத்தபோது, வேலி யார் பக்கம் நகர்ந்தது என்பதில் பிரச்சினை வந்து, அக்காவும் தங்கையும் கதைப்பதை நிறுத்தி எத்தனையோ வருடமாகிவிட்டது. பெரியும்மாவின் கோழி எங்கள் பக்கம் வந்தால் உம்மா அதற்குக் கல்லெறிய மாட்டார். ஆனால் தீனும் போட மாட்டார். எங்கள் பகையின் அளவு அதுதான். பெரியும்மா வீட்டுக் கக்கூசுக் குழி அந்த வேலியோரத்தின் ஒரு கோடியில் இருந்தது.

"குழித் தண்ணிதான்," என்றார் வாப்பா. "மண்ணுக்குள்ளால இஞ்ச இறங்கி வருது."

மேசன் தரையை உடைத்தான். கட்டில் நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத பாரம், அதனால் அதைத் தொடாமல், வேலியைப் பார்த்த சுவரோரமாக உடைத்தான். முழங்கால் ஆழத்திலேயே ஈரமணல் வந்தது. இன்னும் கொஞ்சம் தோண்ட, குழியின் அடியில் தண்ணீர் கசிந்து தேங்கியது. எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் அப்படித்தான் ஊறும், ஆனாலும் அந்த மணலில் மணம் இருந்தது. வாப்பா பெரியப்பாவையும் பெரியும்மாவையும் கூப்பிட்டனுப்பினார். கண்ணால் பார்க்கட்டும் என்றார்.

பெரியும்மா வரும்போதே சண்டைக்கு ஆயத்தமாகத்தான் வந்தார். முக்காட்டை இறுக்கிச் செருகியிருந்தார்.

"எங்கட குழி இரிக்கிறது அந்தக் கோடியில. அதில இரிந்து இஞ்ச எப்பிடி வரும்? வீட்ட ஒழுங்காக் கட்டாம எங்கட தலையில போடுறீங்களா?"

சொல்லிக்கொண்டே குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து மணந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தார். கட்டிலருகே ராத்தா நின்றிருந்தாள், சேலைக் கரை காலோடு ஒட்டிக் கிடந்தது. பெரியும்மா மணலைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். தோற்றுப்போனதால்தான் வாய் அடைத்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அன்று எனக்குத் தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு ஐந்தாறு மாதத்துக்கு முன்பு ராத்தாவுக்குப் பிள்ளைவலி வந்திருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் தமிழ் ஊரான காரைதீவைத் தாண்டிக் கல்முனைக்குப் போக வேண்டும். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒன்றையொன்று பார்க்கவே பயந்துகொண்டிருந்த வாரம். அதற்கு மேல் ஊரடங்கு வேறு. இரண்டு இரவும் இரண்டு பகலும் ராத்தா அந்த முதிரைக் கட்டிலில் கிடந்தாள். வந்த மருத்துவிச்சிக்குத் துஆ ஓதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பிள்ளை செத்துப் பிறந்தது. வெளியே வர முடியாமல் அத்தனை நேரம் நெருக்கிக்கொண்டிருந்த தலை, ராத்தாவின் உள்ளே ஒரு துவாரத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சிறுநீர் அடங்கவில்லை. இருந்தாலும் நடந்தாலும் படுத்தாலும் கசிந்துகொண்டே இருந்தது.

அது ஒரு வருத்தம், நோய்தான், அதற்கு மருந்து உண்டு என்று அவளுக்கும் தெரியாது, உம்மாவுக்கும் தெரியாது. இருவரும் அதை ஒரு கேவலமாகவே எடுத்துக்கொண்டார்கள். நாற்பது நாள் மச்சானை அறைக்குள் விடாமல் வைத்திருக்க ஊர்வழக்கம் உதவியது. நாற்பதுக்குப் பிறகு காய்ச்சல், தலைச்சுற்று, கெட்ட கனவு என்று உம்மா ஒவ்வொரு சாட்டாகத் தேடிக்கொண்டிருந்தார். ராத்தா தொழுகையை விட்டிருந்தாள், சுத்தம் நிற்காத உடம்போடு அல்லாஹ்வுக்கு முன் எப்படி நிற்பது என்பது அவள் கவலை. துணிகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனால் கொடியில் தொங்குவதைப் பார்த்து ஊர் கணக்குப் பார்க்கும். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே பேசினில் அலசி, கட்டிலுக்குக் கீழே சுவரும் தரையும் சேருகிற வெடிப்பில் தண்ணீரை ஊற்றிவிடுவாள். கடல்மணல் எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். ஆனால் ஐந்தாறு மாதம் குடித்த பிறகு அதற்கும் போதும் போலாகிவிட்டது.

ஆண்கள் தரைக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தார்கள். கட்டிலை அகற்றி அந்த மூலையை உடைத்தால், தண்ணீர் கீழேயிருந்து வரவில்லை, மேலேயிருந்துதான் போகிறது என்பது குருட்டுக் கண்ணுக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால் மச்சான் போய்விடுவார். அதைவிடப் பெரிது, ஏன் போனார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். பத்தொன்பது வயது ராத்தாவுக்கு அதற்குப் பிறகு அந்த வீடு இருக்கும், அதற்குள் அவளும் இருப்பாள், அவ்வளவுதான்.

வாப்பாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும். அவர் வயல்காரர். வரம்பில் நண்டு வளை போட்டுத் தண்ணீர் கள்ளமாகப் போனால், மேல் வயலில் உமியைத் தூவிவிட்டு, அது எங்கே இழுபட்டுப் போகிறது என்று பார்த்து வளையை அடைப்பார். அந்த வித்தையை வீட்டுக்குள்ளும் காட்டப் புறப்பட்டார்.

"தண்ணிக்குக் கள்ளம் தெரியா," என்றார். "விட்ட இடத்த அதே காட்டிக் குடுக்கும். காக்கா, உங்கட குழிக்குள்ள நீலத்தக் கரைச்சி ஊத்துவம். இஞ்ச நீலம் வந்தா குழிய மூடுங்க. வராட்டி நான் வந்து உங்களிட்ட மன்னிப்புக் கேக்கன்."

வாப்பாவுக்குக் காக்கா, அதாவது அண்ணன் முறையான பெரியப்பா நல்ல மனிதர், சரியென்று தலையாட்டினார். வெள்ளை உடுப்புக்குப் போடுகிற நீலம்தான். கடையில் இருந்ததையெல்லாம் வாப்பா வாங்கி வந்து வாளியில் கரைத்து, இரண்டு வீட்டு ஆண்களும் பார்த்திருக்க, பெரியும்மாவின் குழியில் ஊற்றினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழுந்ததும் முதல் வேலை அறைக்குள் போய்த் தோண்டிய குழியை எட்டிப் பார்ப்பது. தண்ணீர் கலங்கலாகக் கிடந்தது, நீலம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்த வருடம் கலவரத்தால் வயலுக்கும் போக முடியாமல் இருந்த வாப்பா, வயலைப் பார்ப்பதைப்போல அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

வியாழக்கிழமை பின்னேரம் மச்சான் வாசலில் நின்று சொன்னார். இந்தத் தடவை கனைக்கவில்லை.

"மாமா, இது குழித் தண்ணி இல்ல. கட்டிலக் கழட்டி எடுத்திட்டு அந்த மூலைய உடைச்சிப் பாப்பம். நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சி வந்து நானும் மேசனும் செய்யிறம்."

அவர் குரல் வேலிக்கு அப்பாலும் கேட்டிருக்கும். அன்றிரவு உம்மா சோறு தின்னவில்லை. ராத்தாவும் தின்னவில்லை. தரையை உடைப்பதற்கு ஏன் இவ்வளவு துக்கம் என்று யோசித்தேன். கட்டில் அவ்வளவு விலை கூடியது போலும் என்று முடிவுசெய்தேன்.

மறுநாள் ஆண்களெல்லாம் பள்ளிக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் ஊரில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும்தான். பாங்கு சொல்லி ஓய்ந்த கொஞ்ச நேரத்தில், வேலிக் கிடுகு ஓலையை விலக்கிக்கொண்டு பெரியும்மா எங்கள் பக்கம் வந்தார். முந்தானைக்குள் எதையோ பிடித்திருந்தார். உம்மா அடுக்களை வாசலில் எழுந்து நின்றார்.

"என்னத்துக்கு வந்தீங்க?"

"கதைக்க நேரமில்ல தங்கச்சி. சின்னப் புள்ளயக் கடப்படியில நிக்கச் சொல்லு. ஆம்புளயள் வந்தா சத்தம் போடட்டும்."

அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில் அத்தனை வருடத்தில் கேட்ட முதல் கதை அது. உம்மா என்னை அனுப்பினார். நான் தெருவாசல் கடப்படியில் நின்று தெருவைப் பார்த்தேன். தெருவில் ஒரு மாடு மட்டும் நின்றது. மாட்டைப் பார்ப்பது சலித்துப்போய், சத்தமில்லாமல் திரும்பி வந்து அறை வாசலில் எட்டிப் பார்த்தேன். தோண்டிய குழியின் கரையில் பெரியும்மா குந்தியிருந்து, முழங்கை வரை கையைவிட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். ராத்தா அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினாள். உம்மா சுவரில் சாய்ந்து வாயைப் பொத்தியிருந்தார். குழித் தண்ணீர் நல்ல நீலமாக இருந்தது.

பெரியும்மா என்னைக் கண்டுவிட்டார். கையை வெளியே எடுக்கவில்லை.

"நீலம் வந்திட்டுது மகள்," என்றார். "எங்கட குழிதான்."

எனக்கு வேறென்ன வேண்டும். நான் ஓடினேன். பள்ளியால் வந்துகொண்டிருந்தவர்களைத் தெருமுனையிலேயே மறித்து, நீலம் வந்துவிட்டது, பெரியும்மாவே வந்து பார்த்து ஒத்துக்கொண்டார் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். என் வாழ்க்கையில் என் சொல்லை அத்தனை ஆண்கள் நின்று கேட்டது அன்றுதான். முந்தானையில் வந்தது என்ன, குழிக்குள் கை ஏன் போனது என்றெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. தோற்றவர்கள் வந்து தோல்வியைத் தொட்டுப் பார்ப்பது எனக்கு நியாயமாகவே பட்டது.

வாப்பா அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "நான் சொன்னனா இல்லையா?" என்று மேசனைப் பார்த்துக் கேட்டார். மச்சான் குனிந்து நீலத்தைப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார். பெரியப்பாதான் பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "என்னகா இது, நம்மட குழி இவ்வளவு தூரம் எப்பிடி வந்த?" என்று அவர் கேட்க, பெரியும்மா, "வந்திட்டுது, மூடுவம். இனி என்ன கதை," என்று சொல்லிவிட்டுத் தன் பக்கம் போய்விட்டார்.

குழியை மூடினார்கள். வேறொன்று தோண்டிக் கட்டி முடியும்வரை, அந்த வீட்டின் மூன்று குமர்ப்பிள்ளைகளும் பெரியும்மாவும், வெளிக்குப் போக வேண்டுமென்றால் தெரு தாண்டி இன்னொரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. ஊர் சிரித்தது. எங்கள் தரைக்குப் புதுச் சீமெந்து பூசினார்கள். வாப்பா அதன்மேல் நடந்து பார்த்து, மணம் போய்விட்டதென்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

மணம் போகவில்லை. போவதற்கு வழியும் இல்லை. "உம்மா, இன்னும் மணக்குது," என்று நான் ஒருநாள் சொன்னதற்கு உம்மா கன்னத்தில் ஓர் அடி போட்டார். அடித்த கையோடு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். மச்சான் அதைச் சொல்லவில்லை. இரண்டு உடுப்பை எடுத்துக்கொண்டு அவருடைய உம்மா வீட்டில் கொஞ்ச நாள் நிற்கப் போனார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. கடைசியில் பள்ளித் தலைவர்மார் கூடி இருவரையும் பிரித்துத் தீர்த்துவைத்தார்கள்.

ஏன் பிரிந்தார்கள் என்று ஊர் கேட்டது, ஊரே பதிலையும் சொல்லிக்கொண்டது. பெரியும்மாவின் குழி நாறி ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டது என்றார்கள். வேண்டுமென்றே அந்த இடத்தில் வெட்டினவள் என்றும் சொன்னார்கள். கலியாண வீடுகளில் பெரியும்மா வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்த பெண்கள் மெல்ல நகர்வார்கள். அவர் அதற்கெல்லாம் பதில் சொல்லவே இல்லை. ராத்தாவைப் பற்றி மட்டும் எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு அவளுக்கு வேறொரு இடத்திலிருந்து சம்பந்தம் வந்து விசாரித்தபோதும், அவர்கள் காதில் விழுந்தது குழியின் கதை மட்டும்தான்.

வாப்பா மவுத்தாகிக் கண்ணை மூடும்வரை அந்த நீலத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டார். உண்மையை உம்மா எனக்குச் சொன்னது எனது முதல் பிள்ளைக்கு நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது. அதுவரை என் மனதில் இருந்ததெல்லாம் நான் கண்ட துண்டு துண்டுகள்தான். அதில் ஒன்று கண்டியிலிருந்து திரும்பி வந்த பயணம்.

மச்சான் போன பிறகு, ராத்தாவின் மனம் தேற அக்குறணையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் வைத்திருப்போம் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டு, பள்ளிக்கூட விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு உம்மா புறப்பட்டார். அம்பாறையில் பஸ் மாறும்போது அங்கே பெரியும்மா நின்றிருந்தார். கண்டிப் பக்கத்து மதரசாவில் ஓதும் மகனைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லி, முதல் நாளே புறப்பட்டவர். கண்டி ஆஸ்பத்திரியில் இதற்கென்று பார்க்கும் டாக்டர் இருக்கிறார் என்று விசாரித்து வைத்திருந்ததும் அவர்தான். ராத்தாவை அங்கே படுக்கவைத்துத் தைத்தார்கள். முதல் தையல் பிடிக்கவில்லை, இரண்டாம் தடவையும் செய்தார்கள். கனநாள் அங்கே இருந்தோம். எனக்கு அது பித்தப்பை ஒப்பரேசன் என்று சொல்லி வைத்திருந்தார்கள், ஊரில் அதையும் சொல்லக்கூடாது என்றார்கள். உம்மாவும் பெரியும்மாவும் ஒரே பீங்கானில் சோறு தின்றார்கள். ஒரே பாயில் படுத்து விடிய விடியக் கதைத்தார்கள். வேலிக் கதை மட்டும் வரவில்லை.

திரும்பி வருகிற பஸ் காரைதீவைத் தாண்டியதும் பெரியும்மா எழுந்து நின்றார். எங்கள் ஊருக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது. ராத்தாவையும் எழும்பச் சொன்னார். அவள் எழும்பியதும், அத்தனை மணித்தியாலமும் அவள் உட்கார்ந்து வந்த ஆசனத்தை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தடவினார். ஏதோ விழுந்துவிட்டதாக்கும் என்று நானும் குனிந்து ஆசனத்துக்குக் கீழே தேடினேன்.

"காஞ்சிரிக்கி தங்கச்சி," என்றார் பெரியும்மா.

உம்மா அவருடைய கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். பஸ் நின்றது. பெரியும்மா பையை எடுத்துக்கொண்டு வயல் நடுவில் இருந்த தரிப்பில் இறங்கிவிட்டார். நல்ல உச்சி வெயில். நான் ஜன்னலால் தலையை நீட்டிக் கூப்பிடப் போனேன்.

"கிறுகிப் பாக்காத," என்றார் உம்மா. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்றுவரை ஒரே பாயில் படுத்தவர்கள் ஊர் எல்லை வந்ததும் பிரிந்து போகிறார்களே என்று எனக்கு விளங்கவில்லை. "பெரியும்மா மறுகாவும் கோவமா?" என்று ராத்தாவிடம் கேட்டேன்.

"ஓம்," என்றாள் ராத்தா. பிறகு என்னைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். செத்த பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் என்னை மடியில் வைத்ததில்லை. என் தலையில் கன்னத்தை வைத்து அவள் அழுதது என் முடிக்குள் ஈரமாகத் தெரிந்தது. பெரியும்மா கோபித்துக்கொண்டு போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, அழ வேண்டாம், கோபம் கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். ஊர் பார்வையில், அவளுக்காக அது ஒருநாளும் தீரக்கூடாத கோபம் என்பது எனக்கு அப்போது தெரியாது.